தட்டைத்தலை எஞ்சினின் கோளாறு



மோட்டார் எஞ்சின் ஒன்றின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்திருக்கிறீர்களா? இக்காலத்துப் பெட்ரோல் வண்டியோ டீசல் வண்டியோ, எதைத் திறந்தாலும் அந்த மூடியிலேயே வால்வுகள் பொருத்தப்பட்டு, சிலிண்டரை நோக்கித் தலைகீழாகத் தொங்குவதைக் காண்பீர்கள். முக்கால் நூற்றாண்டுக்கு முன் நம் சாலைகளில் ஓடிய லாரிகள் பலவற்றில் அப்படி இல்லை. அவற்றில் மூடி என்பது வெறும் கனத்த உலோகப் பலகை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், எஞ்சினின் உடலுக்குள்ளேயே, தலை மேல்நோக்க நின்றன. மேலே தட்டையாக இருந்தமையால் அதைத் தட்டைத்தலை எஞ்சின் என்றார்கள்; நூல்களில் பக்கவால்வு எஞ்சின் என்றும் காணலாம்.

இந்த எஞ்சினின் வரலாற்றை நான் சொல்ல முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இப்போதும் இங்கொன்றும் அங்கொன்றுமாக இத்தகைய பழைய லாரிகளை ஆர்வலர்கள் தேடிப் பிடித்து, எஞ்சினை முழுவதும் பிரித்து மறுபடியும் கட்டி ஓட்டுகிறார்கள். அப்படிப் புதிதாகக் கட்டிய எஞ்சின் முதல் நாளே ஒழுங்காக ஓடுவது அருமை. தும்மும், வெடிக்கும், கொதிக்கும், சூடேறியதும் நின்றுபோகும். அந்தக் கோளாற்றைக் கண்டுபிடிக்க ஸ்பானர் மட்டும் போதாது, வரலாறும் வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

தட்டைத்தலை எஞ்சின் ஏழைக்கேற்ற எஞ்சின். அதை வார்ப்பது எளிது. அதில் பாகங்கள் குறைவு. மூடியைக் கழற்றிக் கரியைச் சுரண்டிவிட்டு மறுபடி மூடுவதற்கு ஒரு பட்டறையும் நல்ல கையும் இருந்தால் போதும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்குமேல் செய்யப்பட்ட போர்டு டி மாடல் காரில் இருந்தது இதுவே. அதன் குறை என்னவென்றால், வால்வுகளுக்காகச் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஓர் அறை விடவேண்டும். அந்த இடைவெளி இருக்கும்வரை பெட்ரோல் கலவையை மிகவும் நெருக்கி அழுத்த முடியாது. நெருக்கினால் கலவை ஒழுங்காக எரியாமல் ஒரே சமயத்தில் படாரென்று வெடித்து, சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை எழும். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற பொறியியல் அறிஞர் 1919இல் இதற்கு ஒரு வழி கண்டார். எரியும் அறையை வால்வுகளின் மேல் ஒதுக்கிவிட்டு, பிஸ்டன் மேலே வரும்போது மூடியை ஏறத்தாழத் தொட்டுவிடும்படி அமைத்தார். இடுக்கில் அகப்பட்ட கலவை பீறிட்டுச் சுழன்று விரைவாக எரிந்தது. தட்டைத்தலைக்கு அது மேலும் முப்பது ஆண்டு ஆயுள் கொடுத்தது என்றே சொல்லலாம்.

1932இல் போர்டு நிறுவனம் எட்டுச் சிலிண்டர்களை இரு வரிசைகளாகச் சாய்த்து, எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் ஊற்றிய எஞ்சினை விலை மலிவான காரில் வைத்தது. அது பெரிய சாதனை. ஆனால் அந்த வார்ப்பில் ஒரு வினையும் கலந்திருந்தது. வால்வுகள் இரு வரிசைகளுக்கும் நடுவில், புகைக்குழாய்களோ வெளிப்பக்கத்தில். ஆகவே எரிந்த புகை சிலிண்டர்களுக்கு இடையே, குளிர்நீர் ஓடும் அறையின் ஊடே புகுந்து வெளிவர வேண்டியிருந்தது. நீரைக் குளிரவைக்க வேண்டிய இடத்தில் அடுப்புக்குழாய் ஒன்றைச் செருகியதுபோல் ஆயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இந்த எஞ்சின் நம் நாட்டுக்கு எப்படி வந்தது? பிரிட்டனைத் தவிர்த்த பிரிட்டிஷ் பேரரசு நாடுகளில் போர்டு வண்டிகளை விற்கும் உரிமை கனடா நாட்டுக் கிளையிடம் இருந்தது. அந்தக் கிளையே 1926இல் பம்பாயில் இந்தியப் போர்டு நிறுவனத்தை நிறுவியது. அதனால்தான் இரண்டாம் உலகப்போர் வந்தபோது நமக்கு வந்த இராணுவ லாரிகளிலும் கனடாவின் முத்திரை இருந்தது. போர் ஆண்டுகளில் கனடா 8 இலட்சத்துக்குமேல் இராணுவ வண்டிகளைச் செய்து குவித்தது. மூக்குச் சப்பையான அந்த லாரிகளில் போர்டு செய்தவற்றுக்கு 95 குதிரைத்திறன் கொண்ட இந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சினே உயிர். நம் நாட்டிலும், கனடாவிலிருந்து வந்த போர்டு அடிச்சட்டத்தின்மேல் கவசத் தகடு பூட்டி, தாதாநகரிலிருந்த கிழக்கிந்திய ரயில்வேப் பட்டறையில் ஆயிரக்கணக்கான கவச வண்டிகளைக் கட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த டாட்ஜ் லாரிக்கும் வில்லிஸ் ஜீப்புக்கும் தட்டைத்தலை எஞ்சின்தான். ஒன்றுக்கு ஆறு சிலிண்டர், மற்றதற்கு நான்கு.

போர் ஒருபுறம் இராணுவ லாரிகளைக் கொண்டுவந்தது. மறுபுறம் ஊர் வண்டிகளுக்குப் பெட்ரோல் இல்லாமல் செய்தது. 1941இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்தின் பின்னால் இரும்பு உலை ஒன்றைக் கட்டி, அடுப்புக்கரியை அரைகுறையாக எரித்து, அதிலிருந்து பிறக்கும் வாயுவை எஞ்சினுக்கு ஊட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்து கொடுத்தது. கரிவாயுவில் எஞ்சினின் வலு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். தாரும் சாம்பலும் உள்ளே புகுந்து ரிங்குகளை ஒட்டவைக்கும். அடிக்கடி திறந்து துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தட்டையான மூடி அப்போது எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

போர் முடிந்ததும் இராணுவத்துக்குத் தேவையற்ற வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ‘மிலிட்டரி லாரி’ என்ற பெயரோடு அவை ஊர் ஊராகப் பரவின. விறகும் நெல்லும் புளியும் ஏற்றின. சில, மரக்கூண்டு கட்டிக்கொண்டு பேருந்துகளாயின. வட ஆர்க்காட்டுப் பகுதிக்கு இத்தகைய வண்டிகள் எவ்வளவு தேவைப்பட்டன என்பது நிலப்படத்தைப் பார்த்தாலே விளங்கும். ஆரணிப் பட்டு ஊரறிந்தது. ஆனால் ஆரணியின் பெயர் தாங்கிய ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. தள்ளிக் களம்பூரில் இருக்கிறது. பட்டு நூல் உள்ளே வருவதற்கும் நெய்த சேலை வெளியே போவதற்கும் சாலைதான் கதி. மேற்கே சவ்வாது மலை விளைபொருள்களுக்கும் அப்படியே. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவே இருக்கிறது சந்தவாசல். சம்புவராயரின் படவேட்டுக்கு அங்கேதான் வழி பிரிகிறது.

1953இல் இந்திய அரசு ஒரு முக்கியமான முடிவு செய்தது. பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள், வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி வண்டி விற்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது அது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. நாட்டின் தொழிலுக்கு அது நன்மையே. ஆனால் சாலையோரப் பட்டறைக்காரருக்கு அன்றே ஒரு சோதனை தொடங்கிற்று: வண்டி இருக்கிறது, உதிரிப்பாகம் வருவது நின்றுவிட்டது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து உறை போட்டார்கள். ஓர் எஞ்சினின் வால்வைக் கடைந்து இன்னோர் எஞ்சினுக்கு மாட்டினார்கள். எந்தக் கல்லூரியும் அவர்களுக்கு அதைக் கற்பிக்கவில்லை. பிறகு, ஐம்பதுகளில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை இங்கேயே செய்யத் தொடங்கியதும், பழைய லாரிகள் பலவற்றின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றிவிட்டார்கள். டாட்டாவும் லேலண்டும் டீசல் லாரிகளோடு வந்தன. இறக்கப்பட்ட தட்டைத்தலைகள் பழைய இரும்பாக எடைக்குப் போயின. எஞ்சியவை மிகச் சில. அதனால்தான் இன்று அவற்றில் ஒன்றைக் கட்டுகிறவர் அஞ்சி அஞ்சிக் கட்டவேண்டும். உடல் வார்ப்பு வெப்பத்தால் ஒருமுறை வெடித்துவிட்டால், மாற்று வார்ப்பு கடையில் கிடைக்காது.

அண்மையில் சந்தவாசல் பக்கத்துப் பட்டறை ஒன்றில், போர்க்காலத்துப் போர்டு லாரி ஒன்றின் எஞ்சினைப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். கட்டிய இளைஞர் கைத்திறன் உள்ளவர். எனினும் எஞ்சின் அவருக்கு அடங்கவில்லை. பற்றிக்கொண்டது, ஆனால் கார்புரேட்டர் வழியே தீ கக்கியது, சைலன்சரில் வெடி வெடித்தது. அவர் பெட்ரோல் பம்பை மாற்றினார், கார்புரேட்டரை மூன்று முறை பிரித்துக் கழுவினார், புதுப் பிளக்கு போட்டார். பயனில்லை. பிறகு முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார்கள்.

மேஸ்திரி எஞ்சினைத் தொடவே இல்லை. “பிரிக்கறதுக்கு முன்னாடி ஓடுச்சா தம்பி?” என்று கேட்டார்.

“ஓடுச்சுங்க மேஸ்திரி. புகை தள்ளும். ஆனா இந்த மாதிரி வெடிச்சதில்லை.”

“அப்ப, கார்புரேட்டரை விடு. அது முன்னாடியும் அதே கார்புரேட்டர்தானே? நீ கழட்டி மாட்டினதை ஒவ்வொண்ணா சொல்லு.”

வரலாற்று மாணவர்கள் இந்தக் கேள்வியின் அருமையை உடனே உணர்வீர்கள். முன்பு இல்லாத விளைவு இப்போது இருக்கிறதென்றால், முன்புக்கும் இப்போதுக்கும் இடையே நடந்ததைத் தேடவேண்டும். எப்போதும் இருந்துவருவதைத் தேடிப் பயனில்லை. ஆரணித் தறிக்காரருக்கும் இது தெரியும். புதுப் பாவைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைத்து நெய்யத் தொடங்கியபின் சேலையில் நெடுகக் கோடு விழுந்தால், அவர் பட்டைக் குறை சொல்லமாட்டார். பிணைத்த இடத்தில் இழை மாறியதா, அச்சின் ஒரு பல்லில் இரண்டு இழை புகுந்ததா என்றுதான் பார்ப்பார்.

இங்கும் இழைதான் மாறியிருந்தது. எட்டுச் சிலிண்டர்களும் வரிசையாக எரிவதில்லை. ஒரு பக்கத்தில் 1 முதல் 4 வரையும் மறுபக்கத்தில் 5 முதல் 8 வரையும் எண்ணிட்டால், அவை 1, 5, 4, 8, 6, 3, 7, 2 என்ற முறையில் எரிகின்றன. மூன்றாம் சிலிண்டருக்கும் நான்காம் சிலிண்டருக்கும் போகவேண்டிய மின்கம்பிகள் இடம் மாறியிருந்தன. விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரு பொறிகளுக்கு இடையே எஞ்சின் 90 பாகை சுழலுகிறது. நான்கு எரிந்து மூன்று முறை கழித்தே மூன்று எரியவேண்டும். அதாவது 270 பாகை இடைவெளி. கம்பி மாறியதால் மூன்றாம் சிலிண்டருக்குப் பொறி 270 பாகை முன்னதாக வந்துவிட்டது. அந்த நேரத்தில் அது கலவையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது; உள்வால்வு திறந்திருக்கிறது. தீ வந்த வழியே திரும்பிக் கார்புரேட்டரில் தும்மிற்று. நான்காம் சிலிண்டருக்கோ பொறி அதே அளவு தாமதம். எரியாத கலவையை அது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது பொறி விழுந்தது, சைலன்சர் வெடித்தது. இரண்டு ஓசைக்கும் காரணம் ஒன்றே. கம்பிகளை மாற்றி மாட்டியதும் எஞ்சின் அமைதியாக ஓடியது.

அதோடு முடிந்திருந்தால் நான் உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கமாட்டேன். இருபது நிமிடம் ஓடியதும் வெப்பமானி முள் ஏறியது. எஞ்சின் மூச்சுத்திணறி நின்றது. ஆறவைத்தால் மறுபடி ஓடும்; சூடேறினால் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனெனில் ஒரே அறிகுறிக்கு மூன்று காரணங்கள் போட்டியிட்டன.

முதலாவது, வால்வு. இந்தப் பழைய போர்டு எஞ்சினில் வால்வுக்கும் அதைத் தூக்கும் டாப்பெட்டுக்கும் இடைவெளியைத் திருகித் திருத்த வசதி இல்லை. வால்வுத் தண்டின் நுனியையே தேய்த்துத்தான் அந்த இடைவெளியை உண்டாக்கவேண்டும். அதுவும் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் பத்துப் பதினைந்து பங்கு அளவில். குறைவாகத் தேய்த்திருந்தால், சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுவதும் மூடாது. இரண்டாவது, சூடேறினால் சோர்ந்துபோகும் மின்சுருள். மூன்றாவது, பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுப்பது.

மேஸ்திரி யூகத்தில் இறங்கவில்லை. நின்ற உடனே பிளக்கு ஒன்றைக் கழற்றிப் பொறியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சூட்டோடு சூடாக ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. ஆகவே வால்வும் குற்றவாளி அல்ல. பிறகு ஒரு துணியை நனைத்துப் பம்பின் மேலும் குழாயின் மேலும் போட்டார். சற்றுப் பொறுத்து எஞ்சின் பற்றிக்கொண்டது. வெயில் நாளில் பழைய ஓட்டுநர்கள் வழியில் நிறுத்திச் செய்த வைத்தியம் அது.

இங்கேதான் காலம் குறுக்கிட்டது. பெட்ரோல் குழாய் எஞ்சினின் சூடான உடலை ஒட்டிப் போகிறது. 1940களின் பெட்ரோலுக்கே அங்கே ஆவியாகும் குணம் இருந்தது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறது; 2025ஆம் ஆண்டுக்குள் நம் நாட்டில் அக்கலவை நூற்றுக்கு 20 பங்கை எட்டிவிட்டது. எத்தனால் சேர்ந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகும். பழைய ரப்பர்ப் பாகங்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். அந்த எஞ்சினை வரைந்தவர்கள் கனவிலும் காணாத எரிபொருள் அது. குழாயை ஒதுக்கி வெப்பம் தாங்கும் உறை சுற்றினார்கள்.

ஆனால் முள் இன்னும் மிகையாகவே ஏறியது. மேஸ்திரி இப்போது பொறி விழும் நேரத்தைத் திருத்தும் சிறு தட்டைக் கவனித்தார். அது மிகவும் பின்தங்கிய இடத்தில் இருந்தது. “ஏன் இங்கே வச்சே?” என்றார். “பிரிக்கும்போது எங்கே இருந்துச்சோ, கோடு போட்டு வச்சு அதே இடத்தில மாட்டினேன்” என்றார் இளைஞர். உண்மைதான்; அவர் மிக நேர்மையாக நடந்துகொண்டிருந்தார். ஆனால் அந்த இடம் தொழிற்சாலை வைத்த இடமன்று. மட்டமான பெட்ரோலும், மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் ஓடிய நாளில், எஞ்சின் தட்டும் ஓசையை அடக்க ஓட்டுநர்கள் பொறியைத் தாமதப்படுத்துவது வழக்கம் என்றார் மேஸ்திரி. அன்றைக்கு அது அறிவுடைமை. இன்று அந்தத் தாமதமே நோய். தாமதமாக எரிந்த கலவை வேலையை முடிக்காமல், தீயாகவே வெளியேறுகிறது. எங்கே வெளியேறுகிறது? குளிர்நீர் அறையின் ஊடே. நான் நினைவில் வைக்கச் சொன்ன அடுப்புக்குழாய் அதுதான்.

பழைய ஆவணத்தை எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதியவர், அதில் முன்பே ஒருவர் செய்திருந்த திருத்தத்தையும் மூலம் என்று எண்ணிச் சேர்த்தெழுதியதுபோல் இது. ஏடு பெயர்த்தெழுதியவர்களிடையே நாம் காணாத சங்கதியா?

மின்சாரத்திலும் இத்தகைய இடறல் ஒன்று இருந்தது. பழைய போர்டுக்கு 6 வோல்ட் பேட்டரி. அதன் நேர்முனையே அடிச்சட்டத்தோடு இணைக்கப்படும். இக்காலத்து 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கம்பியை அதில் மாட்டியிருந்தார்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதே கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பமாய் வீணாவது நான்கு மடங்கு என்பதை உங்கள் பௌதிக ஆசிரியர் சொல்லியிருப்பார். ஸ்டார்ட்டர் சோம்பிச் சுழன்றதற்குக் காரணம் அது. கனத்த கம்பி போட்டதும் சரியாயிற்று. இதில் விவரிக்க வேறொன்றும் இல்லை.

பொறியின் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தபின், வண்டி பாரமில்லாமல் கண்ணமங்கலம் வரை போய்த் திரும்பியது. முள் நடுவிலேயே நின்றது. புது ரிங்குகள் சிலிண்டரோடு பழகி அமரும்வரை, முதல் 500 மைலுக்குப் பாரம் ஏற்றக்கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் கூடாது என்று மேஸ்திரி கட்டளையிட்டார். பிறகு எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்து, ஒரு வெள்ளை வேட்டித் துண்டில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்க்கவேண்டுமாம். இரும்புத் துகள் மெல்லிய மினுக்கமாகத் தெரிந்தால் கவலையில்லை. அது ரிங்கு அமர்ந்த அடையாளம். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ செதில் தெரிந்தால் பேரிங் தேய்கிறது, மறுபடி இறக்கவேண்டும். அந்தத் துண்டை நானும் பார்த்தேன். கருத்த எண்ணெயில் இரும்பு மினுக்கம் மட்டுமே இருந்தது.